கடைசிப் பக்கத்தில் கிடந்த பத்து நாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதை நானே எழுதி வைத்திருந்ததுதான். உள்வரும் தபால் பதிவேட்டில் திகதியைப் போட்டால் போதும். நேரத்தையும் போடும்படி எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அது நானாக வளர்த்துக்கொண்ட பழக்கம். பார்ப்பவர்கள் "மிஸ் சரியான ஒழுங்கு" என்பார்கள். முப்பது வருடம் அந்தப் பெயருக்காக எழுதிவந்த நேரம், பிறகு எனக்கெதிரான விசாரணையில் முதல் சாட்சியாக வந்து நின்றது.

தண்டனைக் கணிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். உற்சாகம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். நம்முடைய வேலையில் சாதனை என்பது ஒருநாளும் ஒன்றும் நடக்காமல் இருப்பது. அதை எழுதினால் அரைப் பக்கமும் வராது. ஆகவே நடந்த ஒன்றை எழுதுகிறேன். எந்தச் சிறைச்சாலை என்று எழுதவில்லை. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

நீதிபதி வருடங்களில் பேசுவார். கைதி நாட்களில் கேட்பார். ஒன்றை மற்றதாக மாற்றி, கைதியின் அட்டையில் விடுதலைத் திகதியை எழுதுவது நாம். மேல் நீதிமன்றம் தண்டித்த ஒருவர் மேன்முறையீடு செய்தால், அது முடியும்வரை அவர் உள்ளே இருக்கும் காலம் தண்டனையில் சேராது. அதே பாய், அதே சோறு, அதே மதில்தான். ஆனால் கணக்கில் இல்லை. மேன்முறையீட்டின் முடிவு வந்த நாளிலிருந்துதான் தண்டனை ஓடத் தொடங்கும், அந்த நீதிமன்றம் வேறு விதமாகக் கட்டளையிட்டால் தவிர. இந்தக் கடைசித் துண்டைப் பதவியுயர்வுப் பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்து, முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

புத்தகத்தில் இல்லாத இன்னொரு விதியையும் நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். ஒருவரை ஒருநாள் முந்தி வெளியே விட்டால் விசாரணை. ஒருநாள் பிந்தி விட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியவராது. அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் நம் கை தானாகவே பிந்திய திகதியின் பக்கம் போகும். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அவதானம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மகளின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவர இருந்தது. இரண்டாம் முறையாக எழுதியிருந்தாள். நாவற்குடாவில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு வருடமாக அவள் படித்தாள், நான் பயந்தேன். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற விதி உத்தியோகத்தர்களுக்கும் உண்டு. என்னுடையது இழுப்பறைக்குள் ஒரு துவாயில் சுற்றிக் கிடந்தது. தபால் பை மேசைக்கு வந்தபோது தொலைபேசி இழுப்பறையோடு சேர்ந்து அதிர்ந்தது.

பையில் முதலாவதாக இருந்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு தீர்ப்பு. மேலே நீதிமன்றப் பதிவாளரின் முகப்புக் கடிதம்: மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது, தீர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. பின்னால் ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். முத்திரை குத்தினேன், பத்து பதினேழு என்று எழுதினேன். தள்ளுபடி என்றால் மாற்றம் ஒன்றுமில்லை. முடிவு வந்த நாளிலிருந்து நான்கு வருடத்தை ஓடவிட்டு, நன்னடத்தைக் கழிவைக் கழித்து, இன்னும் மூன்று வருடம் என்று அட்டையில் எழுதினேன். "மாற்றமில்லை" என்ற கோப்புக் கட்டுக்குள் தீர்ப்பைச் செருகினேன். பிறகு துவாயை அவிழ்த்தேன்.

"அம்மா வந்திட்டு. மூண்டு பாடமும் பாஸ்" என்று மகள் அனுப்பியிருந்தாள். கந்தோரில் பாதிப் பேருக்குச் சொல்லி, கன்ரீனிலிருந்து வட்டிலப்பம் எடுப்பித்தேன். செய்திக்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். அந்தப் புள்ளிக்கு மருத்துவபீடம் கிடைக்காது, மூன்றாம் முறை எழுதப் போவதில்லை, ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகப் பாஷை படிக்கப் போகிறேன், கோவிக்க வேண்டாம்.

"காலம வாசிச்சிட்டுத்தானே வட்டிலப்பம் குடுத்தீங்க?" என்றாள்.

அடுத்த பத்து நாளும் நான் ஜப்பான் விண்ணப்பங்களைக் கடைசிப் புள்ளிவரை வாசித்துக்கொண்டிருந்தேன். அட்டைகளை முன்போலவே எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீர்ப்பு ஓட்டமாவடிக் காசிம் காக்காவுடையது. காக்கா என்றால் அங்கே அண்ணன். நெல் ஏற்றும் லொறி ஓட்டியவர். அறுவடை நேரத்தில், வட்டை என்னும் வயல்வெளிக்குள் யாருடைய வயலில் வெட்டு மெசின் முதலில் இறங்குவது என்று தொடங்கிய வாக்குவாதத்தில் ஒருவரை இரும்புக் குழாயால் அடித்துவிட்டார். அடிபட்டவருக்கு இன்றுவரை வலது கை சரியாக மடங்காது. காசிம் காக்கா அதை ஒருபோதும் மறுத்ததில்லை. தண்டனை அதிகம் என்றுதான் மேன்முறையீடு செய்தார். நான்கு வருடத் தண்டனையைக் குறைக்கக் கேட்டு, மூன்று வருடமும் நான்கு மாதமும் கணக்கில்லாமல் உள்ளே காத்திருந்தார். நீதியைக் கேட்பவர்கள் முதலில் கொஞ்சம் அவகாசம் கொடுக்கத்தான் வேண்டும்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது அந்தச் செவ்வாய்க்கு முந்திய வியாழக்கிழமை. இப்போதெல்லாம் கைதியைக் கொழும்புக்கு ஏற்றுவதில்லை. கணினிக்கு முன்னால் இருத்துகிறார்கள். காசிம் காக்கா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாராம். ஆங்கிலம். சத்தம் விட்டு விட்டு வந்தது. முடிந்ததும் பக்கத்தில் நின்ற காவலர், "தள்ளுபடி காக்கா" என்றார்.

"கடைசியில நீதவான் ஐயா கனக்கச் சொன்னாரே, அது என்ன?"

"அது சட்டம்" என்றார் காவலர்.

காசிம் காக்காவின் மகளுக்கு முன்பே மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. ஆறு வாரம் லீவில் வந்திருந்தார். மேன்முறையீடு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு நிக்காஹ்வை வைக்கலாம் என்று இரண்டு வீடும் காத்திருந்தது. தள்ளுபடி என்றும் இன்னும் மூன்று வருடம் என்றும் நம்முடைய கந்தோரிலிருந்தே பதில் போனதும், இனிக் காத்திருப்பதில் பலனில்லை என்று நாளைக் குறித்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு.

நிக்காஹ்வில் மணமகளின் தகப்பன்தான் வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளராக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சபையில் மகளை ஒப்படைக்க வேண்டும். தகப்பன் வர முடியாவிட்டால் இன்னொருவருக்கு எழுத்தில் பொறுப்புக் கொடுக்கலாம். அந்தக் கடிதத்துக்காக, தீர்ப்பு தபாலில் வந்த ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காசிம் காக்காவை என் மேசைக்குக் கூட்டி வந்தார்கள். அவர் சொல்ல, நான் தட்டச்சுச் செய்தேன். தன் தம்பியை வலியாக நியமிப்பதாகச் சொல்லி நிறுத்தினார்.

"காரணம் எழுதவேணும் காக்கா. இன்னும் மூண்டு வருசத்துக்குச் சமுகமளிக்க முடியாது எண்டு."

"மூணு வருசம் எண்டு போடத்தான் வேணுமா மிஸ்? வர ஏலாது எண்டு மட்டும் போட்டா?"

"கால அளவு இல்லாட்டி விவாகப் பதிவாளர் ஏத்துக்கொள்ள மாட்டார்."

போட்டேன். வாசித்துக் காட்டினேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி நல்லவன்தான் மிஸ். ஆனா சபையில எழும்பினா வாய் குழறும். ரெண்டாவது மகள்ர பேரச் சொல்லிக் குடுத்திருவானோ எண்டுதான் பயம்."

சிரித்தோம். அவர் கையெழுத்து வைத்தார். அத்தியட்சகர் கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்ததால், நானே ஓடித் திரிந்து பிரதான ஜெயிலரின் ஒப்பத்தை வாங்கி, சிறைச்சாலை முத்திரையைக் குத்தி, அன்றைக்கே அவர் தம்பியின் கையில் கிடைக்கச் செய்தேன். மாலையில் வாவிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போகும்போது என் கருணையை நினைத்து எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பது. நம்முடைய அறையைக் கூட்டித் துடைக்க ஒரு கைதி வருவார். நாங்கள் அவரைக் கணக்கர் என்றுதான் கூப்பிடுவோம். காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்து, இல்லாத காணிக்குப் பொய் உறுதி எழுதியதற்காக ஐந்து வருடம். வார்டில் எல்லோருடைய விடுதலைத் திகதியையும் அவர்தான் மனத்தில் கணித்துச் சொல்லுவார். ஒன்றிரண்டு தடவை என் கணிப்பையும் திருத்தியிருக்கிறார். கோப்பைத் தொட அனுமதியில்லாததால் தள்ளி நின்று, கூட்டும் தும்புத்தடியின் பிடியால் பிழையான இடத்தைக் காட்டுவார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த குரு அவர்தான். விதிப்புத்தகத்தில் அவருக்கு இடமில்லாததால் பெயரை விடுகிறேன்.

முன்பொருநாள் அவர் சொல்லியிருந்தார்: "உறுதி எழுதக்குள்ள முன்பக்கம் முழுக்க மரியாதைதான் மிஸ். இன்னார் மகன் இன்னார், நல்ல சுகத்தோடயும் தெளிந்த புத்தியோடயும் எண்டு. காணி கடைசிப் பக்கத்திலதான் கிடக்கும். நான் பொய்யையும் அங்கதான் வச்சன்."

நன்றாக ரசித்தேன். பாடம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று அலுமாரியின் கீழே கூட்டிக்கொண்டே கேட்டார்: "மிஸ், காசிம் காக்காட தீர்ப்பு வந்திட்டுதானே?"

"வந்து பத்து நாள். தள்ளுபடி. ஏன்?"

"ஒண்டுமில்ல. அவருக்கு இங்கிலீசு தெரியா. ஆனா அவர்ர தண்டனை விழுந்த நாளை மட்டும் இங்கிலீசில சொன்னாத் தெரியும். எத்தின கடதாசியில பாத்த நாள். நீதவான் முடிக்கிற நேரம் அந்தத் திகதியச் சொன்னாராம். நேத்துக் கடதாசியில கையெழுத்து வச்சிட்டு வந்து, படுக்காமக் கிடந்து யோசிச்சிட்டு, காலம என்னட்டச் சொன்னார். தள்ளுபடி எண்டா அந்தத் திகதிய என்னத்துக்கு மறுகா சொல்லவேணும்?"

தும்புத்தடி "மாற்றமில்லை" கட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

பதினோராம் பக்கத்தை எடுத்தேன். கடைசிப் பந்தி இரண்டே வாக்கியம். மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. தண்டனை, மேல் நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்ட திகதியிலிருந்தே நடைமுறைக்கு வரும்.

நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். நான்கு வருடம், கழிவு போக மூன்று. உள்ளே இருந்து முடித்தது மூன்று வருடமும் நான்கு மாதமும். வழக்கில் தோற்ற அதே வாக்கில் அவர் விடுதலையாகியிருந்தார். திரைக்கு முன்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்த நேரத்திலேயே அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கூடுதலாக இருந்த நான்கு மாதம் நீதிக்கு உரியது. தீர்ப்பிலிருந்து செவ்வாய்வரை ஐந்து நாள் தபாலுக்கு உரியது. பிறகு வந்த பத்து நாள் என்னுடையது. அந்தப் பத்து நாளுக்குள்தான் ஒரு வீடு கல்யாண நாளைக் குறித்தது, ஒரு தகப்பன் தன் உரிமையை எழுதிக் கொடுத்தார், அதற்கு நான் முத்திரை குத்தினேன்.

கணக்கர் கூட்டுவதை நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே, கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டினார்.

பிரதான ஜெயிலர் தன்னாமுனையைச் சேர்ந்தவர், பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தவர். நல்ல மனிதர். இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. தீர்ப்பை இரண்டு தரம் வாசித்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"சரி மிஸ். பதறாதீங்க. இண்டைக்குத்தான் வந்த எண்டு ஒரு சீல் அடிங்க. திங்கக்கிழம அத்தியட்சகர் சேர் வந்து கையெழுத்துப் போடுவார். ஆளும் போவார், ஆருக்கும் பிழையில்ல."

"பதிவேட்டில செவ்வாய்க்கிழம பத்து பதினேழு எண்டு கிடக்கு சேர்."

"ஆர் உங்கள நேரமெல்லாம் எழுதச் சொன்ன?"

"ஞாயிறு அவர்ர மகள்ர நிக்காஹ். திங்கள் எண்டாப் பிந்திரும். இண்டைக்கு அவருக்குப் பதிலா நீங்கதான் கடமை. நீங்க கையெழுத்துப் போடலாம்."

"ஒருநாள் முந்தி விட்டா எனக்கு விசாரணை. ஒருநாள் பிந்தி விட்டா அவருக்கு இன்னொரு நாள் சோறு. ரெண்டையும் வச்சுப் பாருங்க மிஸ். அதோட, தான் போகலாம் எண்டு அவருக்குத் தெரியாதுதானே? தெரியாத மனிசனுக்கு என்ன நட்டம்?"

இதை அவர் அன்பாகச் சொன்னார். நானும் முப்பது வருடம் ஏறத்தாழ இதையேதான் நினைத்து வேலை செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதைச் சத்தமாக இன்னொருவர் வாயில் கேட்டேன். ஒரு நிமிடம் நான் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பதாகவும், என் மகள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகவும், யாரோ ஒரு கிளார்க் என் அட்டையில் வேறு நாளை எழுதியதால் நான் அங்கே போகவே இல்லை என்றும் நினைப்பு ஓடியது. இரக்கம் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். பயம்தான். இந்த முறை பயம் சரியான பக்கத்தில் வந்து நின்றது, அவ்வளவே.

ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதினேன். தீர்ப்பு இந்தத் திகதி, இந்த நேரத்துக்குக் கிடைத்தது. கடைசிப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. விடுதலைத் திகதியைப் பிழையாகக் கணித்தது நான். ஆகவே இவர் பத்து நாள் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து வைக்கப்பட்டுள்ளார். கீழே என் பெயரையும் பதவியையும் எழுதினேன்.

பிரதான ஜெயிலர் அதை வாசித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இதில ஒரு வரி சேர்ப்பமா மிஸ்? எனக்கு இண்டைக்குப் பின்னேரம் மூண்டு இருபதுக்குத்தான் தெரியும் எண்டு."

சேர்த்தேன். "நேரம் எழுதுறது நல்ல பழக்கம்தான்" என்றார்.

பிள்ளைகளே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மேலதிகாரியிடமிருந்து அவசரமாகக் கையெழுத்து வேண்டுமென்றால் சட்டத்தைக் காட்டாதீர்கள், மனிதாபிமானத்தையும் காட்டாதீர்கள். பிழை யாருடையது என்று மேலே தெளிவாக எழுதிக் கொடுங்கள். கீழே கையெழுத்துத் தானாக விழும்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கொழும்பு நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் அந்தப் பந்தியை உறுதி செய்ய வேண்டும். அது நியாயம். கந்தோர் மூட இருபத்தைந்து நிமிடம் இருந்தபோது அங்கே ஒரு பெண் தொலைபேசியை எடுத்தாள். எனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில் வழக்கு இலக்கத்தைச் சொன்னேன். கோப்பை எடுத்து வந்து கடைசிப் பந்தியை வாசித்தாள். நம்மிடம் இருப்பதுதான். பிறகு கேட்டாள், தீர்ப்பு உங்களுக்கு எப்போது கிடைத்தது என்று. இன்று என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. தாளில் மை காயாமல் என் எழுத்து கிடந்ததால் உண்மையைச் சொன்னேன். "அப்படியானால் சீக்கிரம் செய்யுங்கள், அக்கா" என்றாள்.

ஐந்து முப்பத்தைந்துக்குக் காசிம் காக்காவைச் சாமான் பையோடு கூட்டி வந்தார்கள்.

"எந்த ஜெயிலுக்கு மாத்துறீங்க மிஸ்? ஞாயிற்றுக்கிழம முடியட்டும் எண்டு ஒள்ளுப்பம் பொறுக்கக் கூடாதா?"

"வீட்டுக்குப் போங்க காக்கா. தண்டனை முடிஞ்சிட்டு. தீர்ப்பில அப்பிடித்தான் இருக்கு."

அவர் பிரதான ஜெயிலரைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார், யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. கைது நாளில் போட்டிருந்த சேட் தோளில் தொளதொளத்தது. ஏறாவூர் தாண்டிப் போகும் பஸ் ஒன்று ஆறு மணிக்கு இருக்கிறது என்று காவலர் சொன்னதும் நடந்தார். வாசலில் நின்று திரும்பி, நெஞ்சில் கைவைத்து, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான் மிஸ். மூணு வருசத்தக் குறைச்சித் தந்திட்டீங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணை பற்றி நீங்கள் கேட்பீர்கள். நடந்தது. நான்கு வரி எழுதிய தாளும் தபால் பதிவேடும் எனக்கெதிராகத் தாக்கலாயின. வேறு சாட்சி தேவைப்படவில்லை. எழுத்தில் கண்டித்தார்கள். ஐம்பத்தைந்தில் ஓய்வு கேட்டேன். ஓய்வுக் கடிதத்தில் என் கடைசி நாளை ஒருநாள் பிந்திப் போட்டிருந்தார்கள். திருத்தும்படி கேட்கவில்லை. அந்த ஒரு நாளும் போய் இருந்துவிட்டு வந்தேன். மகள் பாஷையில் இரண்டு கட்டம் பாஸ் பண்ணிவிட்டாள். அவள் அனுப்பும் செய்திகளை இப்போது கடைசி வரியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன். அதனால் அவள் எழுதாத கெட்ட செய்திகள்கூட எனக்குத் தெரிகின்றன.

ஆனால் வெள்ளிக்கிழமையோடு இது முடியவில்லை. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசல் காவலில் இருந்த பனிச்சங்கேணித் தம்பி தொலைபேசியில் வந்தார்.

"மிஸ், நேத்துப் போனவர் திரும்பி வந்து நிக்கார்."

"ஆர்?"

"காசிம் காக்கா. உள்ள வரவேணுமாம். இப்பிடி ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. என்ன செய்ய?"

கையைக் கழுவினேனா என்று நினைவில்லை. ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பார்வையாளர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்க்க வந்தவர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

"என்னையே பாக்க வந்தன் எண்டு எழுதுங்க தம்பி" என்றார் காசிம் காக்கா.

வெள்ளைச் சாரமும் புதுச் சேட்டும் போட்டிருந்தார். முகத்தில் சந்தோசம் இல்லை. நம்முடைய அறையில், வியாழக்கிழமை இருந்த அதே கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். விவாகப் பதிவாளர் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டு, தம்பியின் பெயரை வலியாகப் பதிந்துவிட்டார். நேற்றிரவே காசிம் காக்கா நேரில் போய் நின்றும் மாற்ற மாட்டேன் என்கிறார்.

"இன்னும் மூணு வருசத்துக்கு இவர் உள்ள இரிக்கார் எண்டு அரசாங்க முத்திரையோட கடதாசி கிடக்கு எண்டு சொல்றார் மிஸ். முன்னால நிக்கிற நான் ஆரு எண்டு கேக்கார். ஒண்டில் முத்திரை பொய், இல்லாட்டி நான் ஓடி வந்த ஆள். ரெண்டில ஒண்ட எழுத்தில கொண்டு வா எண்டுட்டார். நாளைக்கு அசருக்கு முந்திக் குடுத்தா மாத்துவாராம்."

முத்திரையைக் குத்தியது நான். அந்த மூன்று வருடத்தை அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்ததும் நான்.

தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சுற்றினேன். முந்திய கடிதம் செல்லாது. மேற்படி நபர் தண்டனை முடிந்து விடுதலையாகியுள்ளார். முந்திய கடிதத்தில் குறிப்பிட்ட காலம், இந்த அலுவலகத்தின் கணிப்பில் ஏற்பட்ட தவறு. பிரதான ஜெயிலர் வீட்டிலிருந்து வந்து, "தவறு" என்ற சொல்லுக்கு மேலே என் சுருக்கொப்பத்தை வைக்கச் சொல்லிவிட்டு, கீழே ஒப்பமிட்டுப் போனார். முத்திரையைக் குத்தினேன்.

காசிம் காக்கா தாளை வாங்கி வாசித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது.

"தவறு எண்டா, என்ன தவறு மிஸ்?"

வாசலில் சொல்லாததை அங்கே சொன்னேன். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர் வெளியே இருந்திருக்க வேண்டியவர் என்று. கடைசிப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை என்று. மூன்று வருடத்தைக் குறைத்தவள் நானல்ல, பத்து நாளைக் கூட்டியவள் என்று. சொல்லும்போது மேசையில் இருந்த நீதிமன்ற முகப்புக் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே தும்புத்தடிச் சத்தம் கேட்டது. சனிக்கிழமையிலும் கணக்கர் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நாள் வைக்கக்குள்ள நான் வீட்டில இருந்திருப்பன்" என்றார் கடைசியில். "சாப்பாட்டுக்கு ஆருக்குச் சொல்ற, பந்தல் எங்க போடுற, எல்லாத்துக்கும்."

"ஓம் காக்கா."

"அதத் திருப்பித் தர உங்களால ஏலாது."

"ஏலாது."

அவர் தாளை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். வாங்க மறுக்கிறார் என்று நினைத்தேன். விரலால் திகதிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைக் காட்டினார்.

"இதில நேரத்தையும் போடுங்க மிஸ். ஒன்பதே முக்கால். இந்த நேரத்தில நான் வெளியிலதான் இரிக்கன் எண்டு ஒரு கடதாசியாவது சொல்லட்டும்."